வலி போச்சு... நோய் போச்சா?

ரூட் கேனால் சிகிச்சை: பயம், பழி, உண்மை

பகலெல்லாம் சாதுவாக இருக்கும் பல், ராத்திரி படுத்ததும் வேலையைக் காட்டும். முதலில் லேசான குடைச்சல். பிறகு காது, நெற்றிப்பொட்டு, கழுத்து என்று ஒரு பக்கம் முழுக்கத் தெறிக்கும். எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் பரவாயில்லை. தலையைச் சாய்த்தால் மறுபடியும் ஆரம்பம். கிராம்பைக் கடித்துப் பார்ப்பார்கள். ஐஸ் தண்ணீரை வாயில் அடக்கி வைத்துக்கொள்வார்கள். விடிந்ததும் முதல் வேலையாக டாக்டரிடம் போவது என்று தீர்மானம் நிறைவேறும்.

இரண்டு, மூன்று நாள் மாத்திரையில் ஓடும். ஒருநாள் காலையில் பார்த்தால் வலி இல்லை. "அதான் சரியாப் போச்சே, இனி எதுக்கு டாக்டர்?" என்று தீர்மானம் வாபஸ் ஆகும்.

பல் மருத்துவர்கள் அதிகம் கவலைப்படுவது இந்த இடத்தில்தான். அவ்வளவு கடுமையாக வலித்த பல் திடீரென்று அமைதியானால், பெரும்பாலும் அது குணமாகிவிட்டது என்று பொருள் இல்லை. வலியை உணரும் நரம்பு செத்துவிட்டது என்று பொருள். கிருமி உள்ளேயேதான் இருக்கிறது. இனி அதைக் காட்டிக்கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ரூட் கேனால் எனப்படும் வேர் சிகிச்சையைப் பற்றி நம்மிடையே உலவும் குழப்பங்களில் முக்கால்வாசி இங்கிருந்துதான் புறப்படுகின்றன. வலியைப் போக்குவதற்கான சிகிச்சை என்று அதை நினைக்கிறோம். அதனால் வலி போனதும் பாதியில் விடுகிறோம். வலி இல்லாத பல்லுக்கு டாக்டர் சிகிச்சை சொன்னால் சந்தேகப்படுகிறோம். கடைசியில் பல்லுக்கு மூடியாகப் போட வேண்டிய கேப்பைப் போடாமல் ஏமாறுகிறோம். இது கிருமியை வெளியேற்றும் சிகிச்சை. வலி, கிருமித் தொற்றின் ஓர் அறிகுறி மட்டுமே.

வீங்க இடமில்லாத அறை

பல்லின் மேலே வெள்ளையாகத் தெரிவது எனாமல். மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான், எலும்பைவிடக் கடினம். அதில் நரம்பு கிடையாது. அதற்கு அடியில் டென்டின் என்ற மஞ்சள் நிற அடுக்கு. அதற்கும் உள்ளே, பல்லின் நடுவில் ஒரு சிறு அறை. அந்த அறையிலிருந்து வேர்களின் நுனிவரை நூல் போன்ற கால்வாய்கள் இறங்குகின்றன. அறையிலும் கால்வாயிலும் இருப்பது பற்கூழ்: ரத்தக் குழாய்களும் நரம்புகளும் கலந்த மெத்தென்ற திசு. 'பல்லுக்குள்ள இருக்கிற நரம்பு' என்று நாம் பொதுவாகச் சொல்வது இதைத்தான்.

சர்க்கரையும் மாவும் வாயில் தங்கும்போது, அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. அமிலம் எனாமலைக் கரைக்கிறது. எனாமல் கரையும்வரை வலி இருக்காது. கறுப்புப் புள்ளி மட்டும் தெரியும். பலர் அதைக் கறை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். சொத்தை டென்டினைத் தொட்டதும் கூச்சம் தொடங்கும். ஐஸ்கிரீம் பட்டால் சுரீர் என்று இழுத்து, சில நொடிகளில் அடங்கிவிடும். இந்தக் கட்டத்தில் போனால் சொத்தையைச் சுரண்டிவிட்டு அடைத்தாலே போதும். ரூட் கேனால் தேவையே இல்லை.

அதையும் தாண்டி விட்டால் பற்கூழ் அழற்சி அடைகிறது. இங்கேதான் பல்லின் அமைப்பே அதற்கு எதிரியாகிறது. கணுக்கால் சுளுக்கினால் தோல் விரிந்து கொடுக்கிறது, கால் வீங்குகிறது. பல்லுக்குள் பற்கூழ் வீங்க ஒரு மில்லிமீட்டர் இடம்கூட இல்லை. நாலு பக்கமும் கெட்டிச் சுவர். உள்ளே அழுத்தம் ஏற, நரம்பு நசுங்குகிறது. படுத்தால் தலைக்குச் செல்லும் ரத்த அழுத்தம் சற்றுக் கூடும், வலியும் கூடும். ராத்திரி வலிக்குக் காரணம் இதுதான். சூடான காபி பட்டால் துடிப்பதும், ஐஸ் தண்ணீர் பட்டால் கொஞ்சம் ஆறுவதும் இந்தக் கட்டத்தின் அடையாளம். சூடோ குளிரோ போன பிறகும் அரை நிமிடத்துக்கு மேல் வலி நின்று விளையாடினால், சும்மா இருக்கும்போதே தானாக வலித்தால், அந்தப் பற்கூழ் பழைய நிலைக்குத் திரும்புவது கஷ்டம்.

அடுத்து வருவது அமைதி. பற்கூழ் செத்து அழுகுகிறது. கிருமிகள் கால்வாய் வழியாக இறங்கி, வேர் நுனியைத் தாண்டித் தாடை எலும்புக்குப் போகின்றன. அங்கே எலும்பு அரிக்கப்படுகிறது. எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கறுப்பாக ஒரு வட்டம் தெரிவது இந்த அரிப்புதான். கடித்தால் வலி, பல் கொஞ்சம் உயர்ந்துவிட்டதுபோல ஓர் உணர்வு, ஈறில் பரு போன்ற கொப்புளம், அதிலிருந்து அவ்வப்போது உப்புக்கரிக்கும் சீழ் - இவை அதன் அறிகுறிகள். பரு உடைந்தால் வலி குறையும். சீழ் வெளியேற வழி கிடைத்ததால் வந்த நிம்மதி அது; உள்ளே தொற்று தொடர்ந்துகொண்டுதான் இருக்கும்.

இதில் அதிகம் அடிபடுவது ஆறு வயதில் முளைக்கும் முதல் கடவாய்ப்பல். டாக்டரின் சீட்டில் 36, 46 என்று எழுதப்படுவது கீழ்த்தாடையில் உள்ள இந்தப் பற்கள்தான். எந்தப் பால் பல்லும் விழாமல், பால் பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைப்பதால், 'இதுவும் விழுந்து முளைக்கிற பல்தானே' என்று பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். விழுந்தால் இனி முளைக்காத நிரந்தரப் பல் அது.

பூச்சியா, கிருமியா?

'பல்லுல பூச்சி' என்று இன்றும் சொல்கிறோம். பாபிலோனியர் காலத்திலிருந்தே மனிதன் பல்வலிக்குப் புழுவைத்தான் குற்றம் சாட்டினான். கண்டங்கத்திரி விதையை நெருப்பில் இட்டு, வாயில் புகை பிடிக்கும் வழக்கம் நம் கிராமங்களில் இருந்தது. ஐரோப்பாவிலும் கத்திரிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் விதையைப் புகைத்தார்கள். சூட்டில் வெடித்த விதையிலிருந்து வெளியே வந்த முளைக்கருவைத்தான் 'பார், புழு விழுந்துவிட்டது' என்று காட்டினார்கள். நவீன பல் மருத்துவத்தின் தந்தை எனப்படும் பிரான்ஸின் பியேர் ஃபோஷார், 1728-ல் வெளியான தன் நூலில், நுண்ணோக்கியில் தேடியும் புழு எதையும் காணவில்லை என்று எழுதினார். பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கர் வில்லோபி மில்லர், 1890-ல் வாய்க் கிருமிகளைப் பற்றிய புத்தகத்தில், சர்க்கரையை அமிலமாக்கும் பாக்டீரியாதான் சொத்தைக்குக் காரணம் என்று விளக்கினார்.

அசைக்க முடியாத சாட்சியம் 1965-ல் வந்தது. அமெரிக்காவில் காகெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு ஆகிய மூன்று ஆய்வாளர்கள் இரண்டு வகை எலிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு வகை, பிறந்ததிலிருந்து கிருமியே இல்லாத கூண்டில் வளர்ந்தவை. மற்றவை சாதாரண எலிகள். எல்லா எலிகளின் கடவாய்ப்பல்லிலும் பற்கூழ் தெரியும்வரை துளையிட்டு, அடைக்காமல் அப்படியே விட்டார்கள். உணவுத்துகள் உள்ளே போய் அடைந்தது. சாதாரண எலிகளுக்குச் சில நாள்களிலேயே பற்கூழ் அழுகி, வேர் நுனியில் சீழ் கட்டியது. கிருமியற்ற எலிகளுக்கு எதுவும் ஆகவில்லை. திறந்த காயத்தின்மேல் புதிய டென்டின் படிந்து, பல் தானே பாலம் கட்டி மூடிக்கொண்டது.

துளை, உணவுத்துகள், காயம் எல்லாம் இரண்டு தரப்புக்கும் ஒன்றே. வித்தியாசம் கிருமி மட்டும்தான். அன்றிலிருந்து ரூட் கேனாலின் நோக்கம் ஒரே வரியில் அடங்கிவிட்டது: உள்ளே இருக்கும் கிருமியை எடு, மறுபடி நுழையவிடாதே.

மாத்திரை ஏன் எட்டாது?

'ஆன்டிபயாடிக் கொடுத்தா சரியாயிடாதா?' என்பது எல்லா கிளினிக்கிலும் கேட்கும் கேள்வி. மாத்திரை ரத்தத்தில் கலந்துதான் நோய் இருக்கும் இடத்தை அடைய வேண்டும். செத்த பற்கூழுக்கு ரத்த ஓட்டமே கிடையாது. வாசல்வரை வந்த மருந்து உள்ளே போக வழியில்லாமல் நிற்கும். பற்கூழ் அழற்சியால் வரும் வலிக்கு, மற்றபடி ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஆன்டிபயாடிக் தர வேண்டாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. காய்ச்சல், பரவும் வீக்கம் போன்றவை இருந்தால்தான் அந்த மருந்துக்கு வேலை. அப்போதும் அது துணை. பல்லுக்குள் இருக்கும் கிருமியை எடுப்பதுதான் சிகிச்சை.

மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கி இரண்டு நாள் விழுங்கிவிட்டு நிறுத்துவது இரட்டை நஷ்டம். பல்லும் காப்பாற்றப்படாது, அடுத்த முறை உண்மையிலேயே தேவைப்படும்போது அந்த மருந்துக்குக் கிருமி மசியாமல் போகலாம். வலிக்கிற பல்லின் ஈறில் ஆஸ்பிரின் மாத்திரையை வைத்து அழுத்துவதும் வேண்டாம். அது ஈறைப் புண்ணாக்கும். கிராம்பில் உள்ள யூஜினால் சற்று நேரம் மரக்கச் செய்யும் என்பது உண்மை. டாக்டரிடம் போகும்வரை அது கைகொடுக்கும், அவ்வளவே.

நாற்காலியில் என்ன நடக்கிறது?

கீழ்க் கடவாய்ப்பல் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். முதலில் எக்ஸ்ரே. அடுத்து மரப்பு ஊசி: பெரும்பாலும் லிக்னோகெயின். ரத்த நாளத்தைச் சுருக்கி மருந்தை அதே இடத்தில் நிறுத்திவைக்க, அதில் துளியளவு அட்ரினலினும் இருக்கும். தாடையின் பின்பகுதியில், நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் ஊசி போகும். சில நிமிடங்களில் ஒரு பக்க உதடு தடித்துப்போனதுபோல இருக்கும். ரூட் கேனால் என்றால் நரகவேதனை என்ற பேச்சு, மரப்பு ஊசிகள் மேம்படாத காலத்தின் மிச்சம். லிக்னோகெயின் ஸ்வீடனில் 1943-ல் உருவாக்கப்பட்டது.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வலி உச்சத்தில் இருக்கும்போது போனால், அழற்சி கண்ட நரம்பு முதல் ஊசிக்குச் சரியாக மரக்காமல் போகலாம். கூடுதல் ஊசி தேவைப்படும். வலித்தால் கையைத் தூக்குங்கள், டாக்டர் நிறுத்துவார். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. வலி முற்றுவதற்கு முன்பே போவது இதற்காகவும் நல்லது.

பிறகு பல்லைச் சுற்றி மெல்லிய ரப்பர் தாள் ஒன்றை மாட்டுவார்கள். ரப்பர் டாம் என்று பெயர். நியூயார்க்கில் சான்ஃபோர்டு பார்னம் என்ற பல் மருத்துவர் 1864-ல் கண்டுபிடித்தது. அந்தப் பல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எச்சில் உள்ளே வராது. கருவியோ மருந்தோ தொண்டைக்குப் போகாது. கிருமியை எடுக்கும் வேலையில் கிருமி நிறைந்த எச்சிலை உள்ளே விடுவது வேலையையே கெடுத்துவிடும். நம் ஊரில் இதை மாட்டாமல் செய்வதும் உண்டு. 'ரப்பர் டாம் போடுவீங்களா டாக்டர்?' என்று நோயாளி கேட்பதில் தப்பில்லை.

அடுத்து சொத்தையைச் சுரண்டி, பல்லின் மேல்பகுதியில் ஒரு துளை. நிமிடத்துக்கு மூன்று, நான்கு லட்சம் முறை சுழலும் ஏரோட்டர் கருவி இந்த வேலையைச் செய்கிறது. அறை திறந்ததும் கால்வாய்களின் வாய்கள் தெரியும். ஒவ்வொன்றும் ஊசிமுனை அளவு. கீழ்க் கடவாய்ப்பல்லில் பெரும்பாலும் மூன்று கால்வாய்கள். முன்பல்லில் ஒன்று. மேல்தாடையின் முதல் கடவாய்ப்பல்லில் மூன்று தெரிந்தாலும் பெரும்பாலும் நான்காவது ஒன்று ஒளிந்திருக்கும். அதைத் தவறவிட்டதால் வருடங்கள் கழித்து மறுபடி வீங்கிய பற்கள் ஏராளம். சிலர் பல்லை நுண்ணோக்கியில் பார்த்துச் சிகிச்சை செய்வது இதற்காகத்தான்.

கால்வாயைச் சுத்தம் செய்யும் கருவியின் பெயர் ஃபைல். விரல் நுனிக்குள் அடங்கும் ஒரு முறுக்குக் கம்பி. தலைப்பகுதியின் நிறத்தை வைத்து அளவு தெரியும்: ஊதா 10, வெள்ளை 15, மஞ்சள் 20, சிவப்பு 25, நீலம் 30. 10 என்றால் அதன் நுனி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. சின்னதில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதுக்குப் போவார்கள். கம்பியில் ஒரு குட்டி ரப்பர் வளையம் இருக்கும். எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதற்கு எல்லைக்கோடு அது. அந்த ஆழத்தை அளக்க ஒரு மின்கருவி உண்டு. அதன் ஒரு கம்பி உதட்டில் கொக்கியாக மாட்டியிருக்கும், இன்னொன்று ஃபைலைத் தொடும். ஃபைல் வேர் நுனியை நெருங்க நெருங்க 'பீப்' ஒலி வேகமாகும். நாற்காலியில் படுத்திருப்பவர் என்னவோ ஏதோ என்று பயப்படுவார். டாக்டருக்கு அது 'இங்கே நில்' என்ற சொல்.

ஃபைல் மட்டும் போதாது. கால்வாய் என்பது நேரான குழாய் அல்ல. சூரிச்சில் வால்ட்டர் ஹெஸ் என்ற ஆய்வாளர் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பல்லுக்குள் ரப்பரைச் செலுத்தி இறுகவைத்து, பிறகு பல்லைக் கரைத்துவிட்டு மிஞ்சிய அச்சைப் பார்த்தார். கிளைகள், குறுக்குச் சந்துகள், வலைப்பின்னல்கள்! நிக்கல்-டைட்டானியம் கலவையில் செய்த வளையும் ஃபைல்கள் வந்த பிறகும், கால்வாய்ச் சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பகுதியை ஃபைல் தொடுவதே இல்லை என்று 2001-ல் நுண் ஸ்கேன் ஆய்வு ஒன்று காட்டியது. ஃபைல் எட்டாத சந்துக்கு மருந்து நீர்தான் போக வேண்டும்.

அந்த மருந்து நீர் சோடியம் ஹைப்போகுளோரைட். நாற்காலியில் இருக்கும்போது பிளீச்சிங் பவுடர் வாசனை வந்தால், அது இதுதான். முதல் உலகப் போரில் சிப்பாய்களின் புண்களைக் கழுவ, ஹென்றி டேக்கின் என்ற வேதியியலாளர் நீர்த்த ஹைப்போகுளோரைட்டைப் பயன்படுத்தினார். கிருமியைக் கொல்வதோடு, அழுகிய பற்கூழையும் கரைக்கும் திறன் அதற்கு உண்டு. ஃபைல் வழி திறந்துவிடுகிறது, மருந்து நீர் சுத்தம் செய்கிறது. டாக்டர் பொறுமையாகத் திரும்பத் திரும்ப ஊசிக்குழாயில் கழுவிக்கொண்டிருந்தால் 'இன்னுமா முடியல' என்று சலித்துக்கொள்ளாதீர்கள். சிகிச்சையின் உயிர்நாடியே அந்தக் கழுவல்தான்.

ஒரே சிட்டிங்கில் முடிப்பதா, இரண்டு மூன்று முறை வரச் சொல்வதா என்பது பல்லின் நிலையைப் பொறுத்தது. சீழ் வடிந்துகொண்டிருந்தால் உள்ளே கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை வைத்துத் தற்காலிகமாக அடைத்து அனுப்புவார்கள். இந்த இடைவெளியில்தான் பலர் காணாமல் போகிறார்கள். வலி போய்விட்டதல்லவா! தற்காலிக அடைப்பு சில வாரங்களில் கசியத் தொடங்கும். எச்சில் வழியாகக் கிருமி திரும்பி வரும். செய்த வேலை அத்தனையும் வீண்.

மலேயா மரத்தின் பால்

சுத்தமான கால்வாயை எதைக்கொண்டு அடைக்கிறார்கள்? நம் ஆட்கள் 'சிமென்ட் அடைச்சாங்க' என்பார்கள். எக்ஸ்ரேயில் வெள்ளைக் கோடாகத் தெரியும் அந்தப் பொருளின் பெயர் கட்டாபெர்ச்சா. மலாய்த் தீவுக்கூட்டத்தின் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால். 1843-ல் சிங்கப்பூரிலிருந்து வில்லியம் மாண்ட்கோமரி என்ற மருத்துவர் இதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். சூடாக்கினால் இளகும், ஆறினால் இறுகும், தண்ணீர் ஊடுருவாது. கடலுக்கடியில் தந்திக் கம்பி போட இதைவிடத் தோதான உறை அன்று இல்லை. 1858-ல் அட்லாண்டிக் கடலடியில் போடப்பட்ட முதல் தந்திக் கம்பிக்கும் உறை இதுதான். பல் மருத்துவர்கள் சொத்தைக்கு அடைத்துப் பார்த்தார்கள். 1867 வாக்கில் வேர்க் கால்வாய்க்குள் கொண்டுபோனார்கள். இன்று கால்வாய்க்குள் வைக்கும் கட்டாபெர்ச்சா குச்சிகளில் பெரும்பங்கு துத்தநாக ஆக்சைடு. மரப்பால் ஐந்தில் ஒரு பங்கு. கூடவே இண்டு இடுக்குகளை மூட ஒரு பசை. நூற்றைம்பது ஆண்டுகளாக இந்தப் பொருளுக்கு முழுமையான மாற்று வரவில்லை.

பேசாமல் பிடுங்கிவிட்டால் என்ன?

செலவு மிச்சம், ஒரே நாளில் வேலை முடியும் என்பது உண்மை. ஆனால் கணக்கு அதோடு முடிவதில்லை. கடவாய்ப்பல் ஒன்று போனால் பக்கத்துப் பல் காலியிடத்தை நோக்கிச் சாயும். எதிர்த்தாடைப் பல் கீழே இறங்கும். அங்கே உணவு சிக்கும், புதுச் சொத்தை வரும். மென்று தின்பதெல்லாம் மறுபக்கத்துக்கு மாறும். பல் இருந்த இடத்தில் எலும்பு கரையும். காலியிடத்தை நிரப்ப பிரிட்ஜ் கட்ட வேண்டுமென்றால் இருபுறமும் உள்ள நல்ல பற்களை ராவ வேண்டும். எலும்பில் பதிக்கும் இம்ப்ளான்ட் என்றால் செலவு அதிகம், காத்திருப்பும் அதிகம். சொந்தப் பல்லின் வேரைச் சுற்றியுள்ள மெல்லிய தசைநார், 'சோற்றில் கல்' என்று கண நேரத்தில் உணர்த்தும். இம்ப்ளான்ட்டில் அந்த உணர்வு மட்டு.

அதற்காக எல்லாப் பல்லையும் காப்பாற்றியே தீர வேண்டும் என்றில்லை. வேர் நெடுக்குவாட்டில் பிளந்திருந்தால், ஈறு நோயால் பிடிமானம் முழுக்கப் போயிருந்தால், சொத்தை எலும்புக்குக் கீழே இறங்கியிருந்தால், அந்தப் பல்லைப் பிடுங்குவதுதான் யோக்கியமான சிகிச்சை. கண்ணுக்கு நேரே உள்ள மேல் பல்லைப் பிடுங்கினால் பார்வை போகும் என்பது வெறும் கட்டுக்கதை.

நூறாண்டுப் பழி

'ரூட் கேனால் செய்த பல் உடம்பு முழுக்க விஷத்தைப் பரப்பும்' என்ற பேச்சு வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும். இதன் வேர் நூறாண்டுப் பழையது. 1910-ல் வில்லியம் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பேசும்போது, மோசமான பல் வேலைகளால் வாயில் தேங்கும் கிருமிகளே பல உடல்நோய்களுக்குக் காரணம் என்றார். அமெரிக்காவில் வெஸ்டன் பிரைஸ் என்ற பல் மருத்துவர், பிடுங்கிய பற்களை முயலின் தோலுக்கடியில் வைத்துச் சோதித்து, ரூட் கேனால் பற்கள் ஆபத்தானவை என்று எழுதினார். மூட்டுவலியா, மனநோயா, எதுவானாலும் பல்லைப் பிடுங்கு என்று ஒரு காலம் நடந்தது. லட்சக்கணக்கான பற்கள் போயின, நோய்கள் போகவில்லை. பிரைஸின் சோதனைகளில் அளவும் ஒப்பீடும் சரியில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. அந்தக் கோட்பாடு கைவிடப்பட்டது. அதை மீண்டும் தூசி தட்டி எடுத்த 'ரூட் காஸ்' என்ற ஆவணப்படத்தை, மருத்துவ அமைப்புகளின் எதிர்ப்புக்குப் பிறகு 2019-ல் நெட்ஃபிளிக்ஸ் நீக்கியது.

உண்மையான ஆபத்து சிகிச்சை செய்யாத பல்லில்தான் இருக்கிறது. கீழ்க் கடவாய்ப்பல்லின் சீழ் தாடைக்கடியில் பரவி, நாக்கைத் தூக்கி மூச்சுக்குழாயையே அடைக்கும் நிலையை 1836-லேயே ஜெர்மன் மருத்துவர் லுட்விக் விவரித்திருக்கிறார். இன்றும் அவர் பெயரில்தான் அந்த நோய் அழைக்கப்படுகிறது. தாடைக்கடியில் கெட்டியான வீக்கம், வாயைத் திறக்க முடியாமை, எச்சில்கூட விழுங்க முடியாமை, காய்ச்சல், மூச்சுத் திணறல் - இவற்றில் எது வந்தாலும் கிளினிக்குக்குக் காத்திராமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

யார் எதைக் கவனிக்க வேண்டும்?

சர்க்கரை நோயாளிகள்: சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் தொற்று வேகமாகப் பரவும், ஆறுவது தாமதமாகும். சர்க்கரையைக் காரணம் காட்டிச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. தொற்று இருக்கும்வரை சர்க்கரையும் அடங்காது.

இதய நோயாளிகள்: செயற்கை வால்வு பொருத்தியவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. அவர்களுக்குப் பல்லைப் பிடுங்குவதைவிட ரூட் கேனாலில் ரத்தக்கசிவு குறைவு.

கர்ப்பிணிகள்: நான்கு முதல் ஆறாம் மாதம் வரை சௌகரியமான காலம். வலியோ வீக்கமோ இருந்தால் எந்த மாதத்திலும் சிகிச்சை செய்யலாம், செய்ய வேண்டும். கர்ப்பம் என்பதைச் சொல்லிவிட்டால் போதும்.

குழந்தைகள்: விழப்போகிற பால் பல்தானே என்று விடக் கூடாது. முன்கூட்டியே அது போனால் அடியில் வரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் குறையும். பால் பல்லுக்கும் இதே போன்ற எளிய சிகிச்சை உண்டு. சில பற்களில் கெட்ட பகுதியை மட்டும் வெட்டி, மீதிப் பற்கூழை உயிரோடு காப்பாற்றும் முறைகளும் வந்துவிட்டன. அதற்குப் பயன்படும் எம்.டி.ஏ. என்ற பொருள், வீடு கட்டும் போர்ட்லேண்ட் சிமென்ட்டின் வழி வந்தது. 1990-களில் அமெரிக்காவில் மஹ்மூத் தொராபினெஜாத் என்ற பல் மருத்துவர் அதை அறிமுகம் செய்தார்.

செலவு: எத்தனை கால்வாய், என்ன கேப் என்பதைப் பொறுத்துத் தனியாரில் தொகை மாறும். சொல்லும் தொகையில் கேப் சேர்த்தியா, தனியா என்று தொடங்கும் முன்பே கேளுங்கள். சென்னையில் 1953-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற கல்லூரி மருத்துவமனைகளில் செலவு மிகக் குறைவு. நேரம் கொஞ்சம் கூடுதலாகும். அங்கே இந்தச் சிகிச்சைக்கென்றே தனித் துறை உண்டு.

கேப் போட்டாச்சா?

சிகிச்சை முடிந்த இரண்டு மூன்று நாளுக்குக் கடிக்கும்போது லேசாக வலிக்கலாம். சாதாரண வலி மாத்திரையில் அடங்கிவிடும். வலி கூடிக்கொண்டே போனாலோ வீங்கினாலோ டாக்டரைப் பார்க்க வேண்டும். வேர் நுனியில் அரிபட்ட எலும்பு வளர்ந்து மூட மாதங்கள் ஆகும். சிலருக்கு ஒரு வருடம் தாண்டும். ஆறு மாதத்தில், ஒரு வருடத்தில் மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது. முதல் சிகிச்சை தோற்றால் மறுபடியும் திறந்து செய்யலாம். வேர் நுனியைச் சிறு அறுவைச் சிகிச்சையில் வெட்டி அடைக்கவும் முடியும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கேப். சொத்தைக்கும் துளைக்கும் பறிகொடுத்தது போக, கடவாய்ப்பல்லில் மிஞ்சுவது ஒல்லியான சுவர்கள். முறுக்கோ எலும்போ கடித்தால் பிளந்துவிடும். வேர்வரை பிளந்துவிட்டால் எந்த டாக்டராலும் காப்பாற்ற முடியாது. முன்பல்லில் சேதம் குறைவென்றால் கேப் இல்லாமலும் ஓட்டலாம். கடவாய்ப்பல்லுக்குப் பெரும்பாலும் கேப் அவசியம்.

அமெரிக்காவில் 2004-ல் வெளியான ஓர் ஆய்வு, ரூட் கேனால் செய்த 14 லட்சத்துக்கும் மேற்பட்ட பற்களின் காப்பீட்டுப் பதிவுகளை எட்டு ஆண்டுகளுக்குப் பின்தொடர்ந்தது. 97 சதவீதப் பற்கள் வாயிலேயே இருந்தன. பிடுங்கப்பட்ட பற்களை ஆராய்ந்தபோது, அவற்றில் 85 சதவீதத்துக்கு முழு கேப் போடப்படவில்லை.

கேப் போட்ட பிறகும் பொறுப்பு முடியாது. கேப்பும் ஈறும் சேரும் விளிம்பில் சொத்தை வரலாம். உள்ளே நரம்பு இல்லாததால், இந்த முறை அது வலித்து எச்சரிக்காது. தினம் இரண்டு முறை ஃபுளோரைடு பேஸ்ட்டில் துலக்குவதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டிக்கொள்வதும்தான் அதற்குக் காவல்.

பாதி சிட்டிங்கில் நிற்கும் பல், தற்காலிக அடைப்போடு சுற்றும் பல், கேப் போடாத கடவாய்ப்பல் - இதில் ஏதாவது ஒன்று உங்கள் வீட்டில் யாருக்காவது இருக்கிறதா? வலி இல்லையே என்று பார்க்காதீர்கள். இந்த வாரமே போய் முடித்துவிட்டு வாருங்கள்.